அலைக்கற்றை ஏலமும் எங்கள் ஊர் சிம் கடையும்

மதுரை மாவட்டத்துத் திருமங்கலத்தில் பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கைப்பேசிக் கடை நடத்தி வருகிறேன். சிம் விற்பது, ரீசார்ஜ் செய்வது, எண்ணை வேறு நிறுவனத்திற்கு மாற்றித் தருவது, சிறு பழுதுகளைப் பார்ப்பது ஆகியவைதான் தொழில். இந்தக் காலத்தில் என் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த நிறுவனப் பெயர்கள் மூன்று நான்கில் தொடங்கி, பத்தை நெருங்கி, மறுபடியும் நான்காகச் சுருங்கிவிட்டன. திறமையுள்ளவர் நிலைத்தார், இல்லாதவர் போனார் என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். எந்த நிறுவனத்திற்கு, எந்த அலைவரிசையில், எவ்வளவு அலைக்கற்றை (பேச்சையும் டேட்டாவையும் காற்றில் சுமந்து செல்லும் ரேடியோ அலைகளின் பங்கு), என்ன விலைக்கு, எந்த நிபந்தனையுடன் டெல்லியில் கொடுத்தார்கள் என்பது மீதிப் பாதி. இதைப் புரிந்துகொண்ட வாடிக்கையாளர் சிம் வாங்குவதிலும் ரீசார்ஜ் செய்வதிலும் ஏமாறுவதில்லை என்பதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கைக்குப் பிறகு, நாட்டை வட்டங்கள் எனப்படும் உரிமப் பகுதிகளாகப் பிரித்து, வட்டத்திற்கு இரண்டு தனியார் நிறுவனங்கள் என்று வரையறுத்தார்கள். சென்னை தனி வட்டம். மதுரை உள்ளிட்ட மற்ற மாவட்டங்கள் தமிழ்நாடு வட்டம். எங்கள் பக்கம் ஏர்செல், பிபிஎல் என்ற இரு பெயர்கள் மட்டுமே புழக்கத்தில் இருந்ததற்கு அதுதான் காரணம். உள்வரும் அழைப்புக்கும் காசு பிடிப்பார்கள். இங்கே வாங்கிய சிம்முடன் சரக்கு எடுக்கச் சென்னைக்குப் போன ஜவுளிக் கடைக்காரர்கள், வட்டத்தின் எல்லையைத் தாண்டியதும் ரோமிங் கட்டணம் கட்டினார்கள். ஒரே மாநிலத்திற்குள் இப்படி ஒரு சுங்கச்சாவடி இருந்ததற்கு எந்தத் தொழில்நுட்பக் காரணமும் கிடையாது; உரிமத்தின் எல்லைக் கோடு அங்கே போடப்பட்டிருந்தது, அவ்வளவுதான். 2005இல் இரு வட்டங்களையும் இணைத்த பிறகே அந்தத் தொல்லை ஒழிந்தது.

விலை இறங்கியதும் கொள்கை மாறியதால்தான். 1999இல் நிலையான உரிமக் கட்டணத்தை எடுத்துவிட்டு, வருவாயில் பங்கு என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். 2001இல் நான்காவது உரிமத்தை ஏலம் விட்டபோது ஏர்டெல் தமிழ்நாட்டுக்குள் வந்தது. 2002இல் பிஎஸ்என்எல் கைப்பேசிச் சேவையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மே மாதத்திலிருந்து உள்வரும் அழைப்பு இலவசமாயிற்று. புதிதாக ஒருவர் நுழைய வழி திறக்கும்போதெல்லாம் ஏற்கெனவே இருப்பவர்கள் கட்டணத்தைக் குறைத்தார்கள். கடைக்காரனாக நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான். விலையைக் குறைக்கும் அறிவிப்பு வந்தால், அதற்கு முந்திய ஆண்டில் யாருக்கு உரிமம் கிடைத்தது என்று பார்த்தால் போதும், காரணம் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் அலைக்கற்றை என்ற சொல்லை அறியாதவர் இல்லை. ஆனால் 2008இல் உண்மையில் நடந்ததைக் கட்சி வழக்குக்கு அப்பால் வைத்துப் பேசுகிறவர்கள் குறைவு. அந்த ஆண்டு ஜனவரி 10 அன்று, முதலில் வருபவருக்கு முதலில் என்ற முறையில் 122 உரிமங்களுக்கு வழி திறக்கப்பட்டது. நாடு முழுவதற்குமான நுழைவுக் கட்டணம் 2001ஆம் ஆண்டு விலையான 1,658 கோடி ரூபாய். அதனுடன் தொடக்க அலைக்கற்றையாக 4.4 மெகாஹெர்ட்ஸ் (அலைக்கற்றையை அளக்கும் அலகு) சேர்ந்து வந்தது. 2010இல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இதனால் 1.76 லட்சம் கோடி ரூபாய் வரை உத்தேச இழப்பு என்று அறிக்கை கொடுத்தார். 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்த 122 உரிமங்களையும் ரத்து செய்தது. 2017 டிசம்பரில் குற்ற வழக்கில் அனைவரும் விடுதலையானார்கள். இவை எல்லோரும் அறிந்தவை.

கடையில் நான் கண்டது வேறு. 2009, 2010 வாக்கில் சிம் இலவசம், அதற்கு மேல் பேசும் காசும் இலவசம் என்ற நிலை. ஏற்கெனவே சிடிஎம்ஏ என்ற வேறு தொழில்நுட்பத்தில் சேவை நடத்தியவர்களுக்கும், மற்றவர்கள் பயன்படுத்திய ஜிஎஸ்எம் தொழில்நுட்பத்துக்கான அலைக்கற்றைக்கு 2007இல் வழி திறந்திருந்ததால், நொடிக்கு ஒரு பைசா என்ற கணக்கு 2009இல் டாடா டோகோமோவுடன் வந்து மற்றவர்களையும் இழுத்துக்கொண்டது. ஒரே ஆள் சட்டைப் பையில் நான்கு சிம் வைத்துக்கொண்டு, எதில் ரேட் கட்டர் (அழைப்புக் கட்டணத்தைக் குறைக்கும் ரீசார்ஜ்) போட்டிருக்கிறதோ அதை மாற்றி மாற்றிச் செருகிப் பேசினார். பார்ப்பதற்கு இதைவிடப் பெரிய போட்டி இருக்க முடியாது. ஆனால் புதிதாக வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் இருந்தது அந்த 4.4 மெகாஹெர்ட்ஸ் அளவிலான மெல்லிய கீற்று. ஒரு கண்மாய்த் தண்ணீரைப் பத்து மடைகளில் பிரித்துவிட்டால் கடைமடை வயலுக்கு ஈரம்கூட எட்டாது, அப்படித்தான் இதுவும். திருமங்கலம் ஊருக்குள் பேச முடிந்த சிம், சேடப்பட்டி பக்கம் போனதும் சிக்னல் இல்லாத வெறும் தகடாகிவிடும். மாலை ஏழு மணிக்கு மேல் அழைத்தால் எல்லாத் தடங்களும் பிஸி என்ற குரல்தான் கேட்கும். கண்ணாடியில் எத்தனை பெயர்கள் ஒட்டியிருக்கின்றன என்பதை வைத்துப் போட்டியை அளக்கக் கூடாது என்று அப்போதே எனக்குத் தோன்றிவிட்டது.

தீர்ப்பு வந்த பிறகு நடந்ததும் கசப்பானதுதான். ஒரு நிறுவனம் எங்கள் வட்டத்தில் சேவையை நிறுத்தியது. வாடிக்கையாளர்களுக்கு எண்ணை மாற்றிக்கொள்ளும்படி குறுஞ்செய்தி போயிற்று. ஆனால் என்னுடைய லாப்பு சிம்மில் (வாடிக்கையாளருக்கு ரீசார்ஜ் ஏற்றக் கடைக்காரர் முன்பணம் கட்டி வைத்திருக்கும் சிம்) கிடந்த ரீசார்ஜ் இருப்புக்குப் பொறுப்பேற்க ஆளில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் கம்பெனியைக் கைகாட்டினார், கம்பெனி ஆள் டிஸ்ட்ரிபியூட்டரைக் கைகாட்டினார், சில வாரங்களில் இருவருமே தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். உரிமம் யாருக்குக் கொடுப்பது, ஏன் ரத்து செய்வது என்பதில் கடைசிக் கடைக்காரனின் இருப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அன்றிலிருந்து எந்த நிறுவனத்தின் லாப்பு சிம்மிலும் இரண்டு நாள் விற்பனைக்கு மேல் இருப்பு வைப்பதில்லை. சிறு கடை நடத்தும் தம்பிகளுக்கும் இதையே சொல்கிறேன். டிஸ்ட்ரிபியூட்டர் கூடுதல் கமிஷன் காட்டி மொத்தமாக ஏற்றச் சொல்லும் நேரம்தான் அதிகம் யோசிக்க வேண்டிய நேரம்.

ஏல முறைக்கு நான் எதிரியல்லன். பொதுச் சொத்தை வெளிப்படையாக விற்பதுதான் முறை. ஏலத்தின் அடிப்படை விலையை எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. 2010இல் 3ஜி ஏலத்தில் அரசுக்கு 67,719 கோடி ரூபாய் வந்தது. தமிழ்நாடு வட்டத்துக்கு மட்டும் ஒரு நிறுவனம் கட்டிய தொகை ஏறத்தாழ 1,465 கோடி. கடன் வாங்கிக் கட்டிய நிறுவனங்களுக்கு வட்டி ஒரு பக்கம், டவர் போடும் செலவு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் பணம் போதாதபோது டவர்தான் நின்றுபோகும், வட்டி நிற்காது. அதிலும் முதலில் நின்றுபோனவை பேரையூர், சேடப்பட்டி போன்ற வானம் பார்த்த பூமியின் டவர்கள்தாம்.

இதைவிடத் தெளிவான சான்று 700 மெகாஹெர்ட்ஸ். 2016இல் முதன்முதலில் ஏலத்துக்கு வந்தபோது, நாடு முழுவதற்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய் என்று அடிப்படை விலை வைத்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. 2021இல் 6,568 கோடியாகக் குறைத்தார்கள், அப்போதும் ஆளில்லை. 2022இல் 3,927 கோடியானதும் ஜியோ மட்டும் 22 வட்டங்களிலும் 10 மெகாஹெர்ட்ஸ் வீதம் வாங்கியது. ஆக, கிராமத்துக்கு மிகவும் ஏற்ற அலைவரிசை ஆறு ஆண்டுகள் யாருக்கும் பயன்படாமல் கிடந்தது. கடைசியில் தனியார்களில் ஒருவர் கைக்கு மட்டுமே போய்ச் சேர்ந்தது. அதிக விலை வைத்ததால் அரசுக்கும் அந்த ஆறு ஆண்டுகளில் இதில் ஒரு காசு வரவில்லை. பணமும் வராமல் சேவையும் கிடைக்காமல் போன இந்த ஆறு ஆண்டுகளைப் பற்றி ஊழல் வழக்கு அளவுக்கு யாரும் பேசாதது எனக்குப் பெரிய வருத்தம்.

கிராமத்துக்கு ஏற்றது என்று ஏன் சொல்கிறேன் என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஆயிரம் மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள 700, 800, 900 ஆகியவை ஒரே டவரிலிருந்து நெடுந்தூரம் போகும்; சுவரையும் ஊடுருவும். 1800, 2100, 2300, 3300 என்று மேலே போகப் போகத் தூரம் குறையும், சுவரில் வலுவிழக்கும். ஆனால் அங்கே அலைக்கற்றை நிறைய இருப்பதால் வேகம் கூடுதலாகக் கிடைக்கும். டவர்கள் நெருக்கமாக நிற்கும் மதுரை நகரத்தில் இரண்டாவது வகை போதும். எட்டுப் பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு டவர் நிற்கும் ஊரில் முதல் வகை இல்லாதவர் போட்டியிலேயே இல்லை.

சேடப்பட்டிக்கு மேற்கே மல்லிகை போட்டிருக்கும் பெரியவர் ஒருவர் என் நீண்ட நாள் வாடிக்கையாளர். விடியற்காலையில் பூப் பறிப்பு முடிவதற்குள் கமிஷன் கடையில் விலை கேட்டாக வேண்டும். அதை வைத்துத்தான் பூவை மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு ஏற்றுவதா, உசிலம்பட்டிக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார். பக்கத்து வீட்டு இளைஞர் சொன்னதைக் கேட்டு, டேட்டா அதிகம் தரும் வேறொரு நிறுவனத்திற்கு எண்ணை மாற்றிக்கொண்டார். பிறகு கடைக்கு வந்து, “தம்பி, வாசல்ல நின்னா உசுரு இருக்கு, வீட்டுக்குள்ள போனா செத்துப் போகுது” என்றார். “அய்யா, மாத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்று சொல்லிவிட்டு அவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். அலைவரிசையைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை ஏற்றிக் கொடுத்து, வீட்டுக்குள்ளும் வாசலிலும் மோட்டார் அறையிலும் நின்று பார்த்து வரச் சொன்னேன். மூன்று இடத்திலும் பேண்ட் 40 என்றே காட்டியிருக்கிறது. அதாவது 2300 மெகாஹெர்ட்ஸ். அந்த டவரில் அந்த நிறுவனம் தாழ்ந்த அலைவரிசை எதையும் ஓட்டவில்லை என்பது தெரிந்துவிட்டது. ஒரு முறை எண்ணை மாற்றினால் 90 நாள் கழித்துத்தான் மறுபடி மாற்ற முடியும் என்பதால், பூ சீசன் முழுவதும் அவர் தொழுவத்துக்கு வெளியே வந்து நின்றே விலை கேட்டார்.

அவருக்குச் சொன்ன முறையைத்தான் இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். சிம் வாங்குவதற்கோ மாற்றுவதற்கோ முன்பு, அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் உறவினர் ஒருவரை வீட்டுக்குள் அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு அழைப்புப் பேசிப் பாருங்கள். பிறகு இரவு எட்டு மணி வாக்கில் அதே கைப்பேசியில் ஒரு காணொளி ஓட்டிப் பாருங்கள். வீட்டுக்குள் சிக்னல் கோடு நிற்கிறதா என்பது தாழ்ந்த அலைவரிசை இருக்கிறதா, டவர் அருகில் இருக்கிறதா என்பதைச் சொல்லும். கோடுகள் முழுவதும் இருந்தும் இரவில் காணொளி சுற்றிக்கொண்டே இருந்தால், அந்த டவரில் இருக்கும் கூட்டத்துக்கு அலைக்கற்றை அளவு போதவில்லை என்று பொருள். முதல் குறைக்குக் கைப்பேசியை மாற்றியோ இடத்தை மாற்றியோ ஏதாவது செய்து பார்க்கலாம். இரண்டாவதற்கு நம்மால் செய்யக் கூடியது எதுவும் இல்லை, நிறுவனத்தை மாற்றுவதைத் தவிர.

செயலியில் பேண்ட் 5 என்று வந்தால் 800, பேண்ட் 8 என்றால் 900, பேண்ட் 3 என்றால் 1800. 5ஜி-யில் என்28 என்பது 700, என்78 என்பது 3300. புதுக் கைப்பேசி வாங்கும்போது பெட்டியிலோ நிறுவனத்தின் இணையதளத்திலோ இந்தப் பேண்ட் எண்களைப் பார்த்து வாங்குங்கள். பழைய இறக்குமதிக் கைப்பேசிகளில் நம் ஊர்த் தாழ்ந்த அலைவரிசை இல்லாமல் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் கைப்பேசிக்குச் சொந்தக்காரர் நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருப்பார். தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் நம் ஊரைச் சுற்றி எந்த நிறுவனத்தின் டவர் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்கலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி நிறுவனங்களும் தங்கள் சேவைப் பரப்பைக் காட்டும் வரைபடத்தை வெளியிட வேண்டும். வரைபடம் வாசலுக்கு வெளியே கிடைக்கும் சிக்னலைத்தான் பெரும்பாலும் சொல்லும் என்பதால், கதவைச் சாத்திப் பார்க்கும் சோதனையை அதற்குப் பிறகும் விடக் கூடாது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்த கதையும் அலைக்கற்றைக் கொள்கையின் கதைதான். 2010இல் இணையச் சேவைக்கென்று விற்கப்பட்ட 2300 மெகாஹெர்ட்ஸை 22 வட்டங்களிலும் 12,848 கோடிக்கு வாங்கிய சிறு நிறுவனத்தை ரிலையன்ஸ் கையகப்படுத்தியது. 2013இல் பல சேவைகளுக்கும் சேர்த்து ஒருங்கிணைந்த உரிமம் வந்தபோது 1,658 கோடி ரூபாய் கட்டினால் அதே அலைக்கற்றையில் பேச்சுச் சேவையும் தரலாம் என்று ஆயிற்று. ஏலம் கேட்டவர்களில் எத்தனை பேர் பேச்சுச் சேவையும் பின்னால் அனுமதிக்கப்படும் என்று எதிர்பார்த்திருப்பார்கள் என்பது நியாயமான கேள்வி. விற்ற பிறகு பயன்பாட்டு நிபந்தனையை மாற்றினால் ஏலத்தில் கேட்ட விலைக்கே பொருள் மாறிவிடுகிறது. ஆனால் வாடிக்கையாளருக்கு அதனால் விளைந்த நன்மையை நான் மறுக்க மாட்டேன். ஒரு ஜிபி டேட்டாவுக்கு மாதம் 250 ரூபாய் வரை கொடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் ஓராண்டுக்குள் நாளுக்கு ஒரு ஜிபி பயன்படுத்தினார்கள்.

அதற்குப் பின் வந்த சுருக்கத்தை அனைவரும் அறிவோம். 2018இல் ஒரு நிறுவனம் வைத்திருக்கக் கூடிய அலைக்கற்றையின் உச்சவரம்பு 25 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாக உயர்ந்தது. ஒரே அலைவரிசையில் பாதிக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடு நீங்கி, ஆயிரம் மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே மொத்தமாக 50 சதவீதம் என்ற வரம்பு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வோடபோனும் ஐடியாவும் இணைந்தன. 35 சதவீத வரம்பு என்றால், கணக்குப்படி மூன்று பேர் இருந்தாலே அலைக்கற்றை முழுவதும் தீர்ந்துவிடும். சந்தை மூன்று தனியார்களோடு நின்றதில் வியப்பில்லை. 2024 ஜூலை மாதம் மூன்று நிறுவனங்களும் ஒரு நாள் இடைவெளியில் கட்டணத்தை உயர்த்தியதைக் கடையில் நின்று பார்த்தேன். 239 ரூபாய் ரீசார்ஜ் 299 ஆயிற்று. மாறிக்கொள்வதற்கு ஆள் இல்லாத சந்தையில் எண்ணை மாற்றும் வசதி எவ்வளவு எளிதாக இருந்தும் பயன் குறைவு. நான்காவதாக நிற்கும் பிஎஸ்என்எல்லுக்கு 4ஜி அலைக்கற்றை தரும் முடிவு 2019 அக்டோபரில்தான் வந்தது. தனியார்கள் 4ஜி-யில் காலூன்றிப் பல ஆண்டுகள் ஆன பிறகு.

இந்த நிலையில் வீட்டுச் செலவைக் குறைக்க வழி கேட்பவர்களுக்கு நான் சொல்வன இவை. இரண்டு சிம் வைத்திருப்பவர், இரண்டையும் வீட்டுக்குள் எடுக்கும் நிறுவனங்களிலிருந்து வைத்துக்கொள்ளத் தேவையில்லை. வங்கியில் பதிந்த எண் தாழ்ந்த அலைவரிசை உள்ள நிறுவனத்திடம் இருந்தால் போதும், மற்றது எது மலிவோ அது. பேச மட்டுமே கைப்பேசி வைத்திருக்கும் பெற்றோருக்கு டேட்டாவுடன் ரீசார்ஜ் செய்யாதீர்கள். 2024 டிசம்பரில் டிராய் கொண்டுவந்த விதியால் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டத்தை ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும். கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்குங்கள். பயன்படுத்தாத பழைய எண்ணில் 20 ரூபாய்க்குக் குறையாமல் இருப்பு வையுங்கள். இல்லாவிட்டால் 90 நாளில் எண் துண்டிக்கப்பட்டுப் பிறகு வேறொருவருக்குப் போய்விடலாம், அவருக்கு உங்கள் வங்கியின் ஓடிபி வரும். எண்ணை மாற்ற 1900க்கு ‘போர்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி எண்ணையும் சேர்த்துக் குறுஞ்செய்தி அனுப்பினால் வரும் யுபிசி கோடு (புது நிறுவனத்திடம் கொடுக்க வேண்டிய குறியீடு) நான்கு நாள்தான் செல்லும். போஸ்ட்பெய்டு பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டிவிடுங்கள்.

இவை தனித்தனி வீட்டுக்கான வழிகள். ஊருக்கான வழி ஏல நிபந்தனையில்தான் இருக்கிறது. ஏல விலையையும் நிபந்தனைகளையும் பரிந்துரைக்கும் முன்பு டிராய் ஆலோசனை அறிக்கை வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் எழுத்துமூலம் கருத்துச் சொல்லலாம் என்று கேட்கிறது. அங்கே போய்ச் சேரும் கருத்துகளில் பெரும்பாலானவை நிறுவனங்களும் அவற்றின் சங்கங்களும் எழுதுபவை. சேவைப் பரப்பு நிபந்தனைகளை இதுவரை நகரங்களையும் ஒன்றியத் தலைமையிடங்களையும் வைத்தே அளந்து வந்திருக்கிறார்கள். சேடப்பட்டி ஒன்றியத் தலைமையிடம் என்பதால் அங்கே ஒரு டவர் நின்றாலே கணக்கு நேராகிவிடும். அதற்கு மேற்கே மல்லிகைத் தோட்டத்தில் நிற்கிறவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். அடுத்த ஏலத்துக்கான அறிக்கை வரும்போது, எங்கள் பகுதிக் கடைக்காரர்கள் சிலரும் பூ விவசாயிகளும் சேர்ந்து இரண்டு கோரிக்கைகளை எழுதுவதாக இருக்கிறோம். ஆயிரம் மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலைக்கற்றைக்கு அடிப்படை விலையைக் குறைத்து, அதற்கு ஈடாகக் கடைசிக் குக்கிராமம் வரை வீட்டுக்குள் சிக்னல் என்ற நிபந்தனையை வைக்க வேண்டும். வாங்கி ஈராண்டில் ஒரு ஒன்றியத்தில் பயன்படுத்தாவிட்டால் அங்கே அதை வேறு நிறுவனம் பயன்படுத்த வழிவிட வேண்டும். வரைவில் ஊர்ப் பெயர்களையும், கதவைச் சாத்திப் பேசிப் பார்த்த முடிவுகளையும் ஊர்வாரியாகச் சேர்த்து வருகிறோம். பேரையூர், சேடப்பட்டி, டி. கல்லுப்பட்டி பக்கத்திலிருந்து யாராவது தங்கள் ஊர் முடிவைத் தந்தால் அதையும் சேர்த்துக்கொள்வோம்.